மூச்சை அளந்தவர்கள்: ஒட்சிசன் மானியின் கதை

மன்னார்க் கடலில் முத்துக்குளித்த சுழியோடிக்குத் தான் சுவாசிக்கும் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்ற கேள்வி எழுந்ததே இல்லை. கரைக் காற்றை நெஞ்சு நிரம்ப இழுத்துக்கொண்டு, கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்கினான். சிப்பிகளை அள்ளினான். அந்த ஒரு மூச்சுத் தீருமுன் கயிற்றை அசைத்து மேலே வந்தான். சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லிக் கடல்கட்டிகள் கரையில் மந்திரம் ஓதினார்கள். மூச்சின் அளவைப் பற்றி அவனுக்கு அச்சம் இருந்திருக்கலாம். மூச்சின் தரத்தைப் பற்றி இருந்திருக்க நியாயமில்லை. இலங்கையின் பெரிய முத்துக்குளிப்புகளில் கடைசியானது 1925ஆம் ஆண்டில் நடந்து முடிந்தது.

இன்று முதுகில் உருளையைச் சுமந்து இறங்கும் சுழியோடியின் நிலை வேறு. அவன் சுவாசிப்பது வேறொருவர், வேறொரு நேரத்தில், ஓர் இயந்திரத்தின் மூலம் அடைத்துக் கொடுத்த வாயுவை. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. அதில் ஒட்சிசன் 21 வீதமா, 32 வீதமா, 50 வீதமா என்பதை மூக்கு சொல்லாது, நாக்கு சொல்லாது. உருளையின் அமுக்கமானியும் சொல்லாது. அதைச் சொல்வதற்கென்று உள்ளங்கையில் அடங்கும் சிறு கருவி ஒன்று இருக்கிறது. அதுதான் ஒட்சிசன் மானி. தமிழகத்து வாசகர்கள் ஆக்சிஜன் என்றும் உயிர்வளி என்றும் வழங்குவதை எங்கள் பாடநூல்கள் ஒட்சிசன் என்று எழுதக் கற்றுத்தந்தன. அவ்வழக்கையே இங்கும் பின்பற்றுகிறேன்.

நான் கலைப்பிரிவில் பட்டம் பெற்றவன். இரசாயனவியலில் எனக்கு அதிகாரம் எதுவும் கிடையாது. ஆயினும் இச்சிறு கருவியின் பின்னால் இரண்டரை நூற்றாண்டுக் கதையொன்று மறைந்திருக்கிறது. அதில் பாதிரியார் ஒருவர் வருகிறார். தம்மையே சோதனைக்கு உட்படுத்திக் கொண்ட பேராசிரியர் ஒருவர் வருகிறார். திருகோணமலைத் துறைமுகமும் வருகிறது. ஆகவே இதைப் பற்றி எழுதலாம் என்று துணிந்தேன்.

காற்றின் 'நற்குணம்'

காற்றை அளக்கும் முயற்சி ஒட்சிசன் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. இங்கிலாந்தின் மதகுருவும் ஆய்வாளருமான ஜோசப் பிறீஸ்ட்லி, 1772இல் ஒரு சோதனையை வெளியிட்டார். நீரின் மேல் அடைத்து வைத்த காற்றுடன் நைத்திரிக் ஒட்சைட்டு வாயுவைச் சேர்த்தால் செந்நிறப் புகை எழும். அப்புகை நீரில் கரையும். மொத்தக் கனவளவு குறையும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு அந்தக் காற்று சுவாசிக்க உகந்தது என்று அவர் கொண்டார். அதுவரை காற்றின் தரத்தை அறிய எலியொன்றைக் கண்ணாடிச் சாடிக்குள் அடைத்து, அது எத்தனை நேரம் உயிர்வாழ்கிறது என்று பார்ப்பதே வழக்கமாக இருந்தது. எலிகளின் உயிரைக் காத்த சோதனை என்றும் இதைச் சொல்லலாம்.

1774 ஓகஸ்ட் முதலாம் திகதி அதே பிறீஸ்ட்லி, இரச ஒட்சைட்டை உருப்பெருக்குக் கண்ணாடியால் சூடாக்கிப் புதிய வாயு ஒன்றைப் பெற்றார். சுவீடனில் ஷீலே அதற்கு முன்னரே அதைப் பிரித்தெடுத்திருந்தார். பாரிசில் லவோய்சியே அதற்கு ஒட்சிசன் என்று பெயர் சூட்டினார். பிறீஸ்ட்லி அவ்வாயுவைத் தாமே சுவாசித்துப் பார்த்து மகிழ்ந்தார். அத்தோடு நில்லாமல் ஓர் ஐயத்தையும் எழுதி வைத்தார். இவ்வாயுவில் மெழுகுதிரி எவ்வாறு விரைந்து எரிந்து தீர்கிறதோ, அவ்வாறே மனித உயிரும் விரைந்து தீர்ந்துவிடக்கூடும் என்பதே அந்த ஐயம். அது எத்துணை உண்மையானது என்று உலகம் அறிந்துகொள்ள ஒரு நூற்றாண்டு பிடித்தது.

காற்றின் தரத்தை அளக்கும் கருவிகள் ஐரோப்பாவெங்கும் பரவின. இந்த ஊரின் காற்று நல்லது, அந்த ஊரின் காற்று கெட்டது என்று அளவைகள் வெளியாயின. 1783இல் ஹென்றி கவென்டிஷ் அந்த மயக்கத்தைத் தீர்த்து வைத்தார். பல நாள்களில், பல இடங்களில் எடுத்த காற்றை மிகக் கவனமாக அளந்து, எங்கும் எப்போதும் அதன் கலவை ஒன்றே என்று காட்டினார். இன்றைய முறையில் கணக்கிட்டால் அவர் கண்ட ஒட்சிசன் அளவு 20.83 வீதம். இன்று நாம் ஏற்றுக்கொண்ட அளவு 20.95 வீதம். கண்ணாடிக் குழாயும் நீர்த்தொட்டியும் கொண்டு அந்த மனிதர் செய்த அளவையின் துல்லியம் வியப்புக்குரியது. இன்றைய சுழியோடியின் மானி திருத்தப்படுவதும் கவென்டிஷ் நிலைநாட்டிய அந்த மாறாத எண்ணை வைத்துத்தான்.

உயிர்வாயு நஞ்சாகும் ஆழம்

1875 ஏப்ரல் 15ஆம் திகதி செனித் என்ற பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் வானில் ஏறினார்கள். ஒட்சிசன் நிறைந்த பைகளும் உடனிருந்தன. ஆனால் கை நீட்டி அவற்றை எடுக்க வேண்டும் என்று தோன்றுவதற்கு முன்னரே உணர்வு மங்கிவிட்டது. தரையிறங்கியபோது குரோசே ஸ்பினெல்லியும் சிவெலும் இறந்து கிடந்தனர். திசாந்தியே மட்டும் உயிர் பிழைத்தார். ஒட்சிசன் குறைந்தால் மனிதன் எச்சரிக்கையின்றி வீழ்வான் என்பதற்கு அது சான்றாயிற்று.

அப்பலூன்காரர்களுக்கு ஆலோசகராக இருந்தவர் உடற்றொழிலியல் அறிஞர் போல் பேர். 1878இல் வளிமண்டல அமுக்கம் பற்றி அவர் வெளியிட்ட பெருநூல் நாணயத்தின் மறுபக்கத்தைக் காட்டியது. உயர்ந்த அமுக்கத்தில் ஒட்சிசனைச் சுவாசித்த பறவைகளும் விலங்குகளும் வலிப்புக் கண்டு இறந்தன. எந்த வாயு இன்றி உயிரில்லையோ அதே வாயு அமுக்கம் மிகும்போது நரம்புகளைத் தாக்கும் நஞ்சாகிறது.

இங்கே முக்கியமானது வீதம் மட்டுமன்று. வீதத்தையும் அமுக்கத்தையும் பெருக்கி வரும் பகுதியமுக்கமே உடலைத் தாக்குகிறது. கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் இறங்கும்போதும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. கரையில் 0.21 பார் ஆக இருக்கும் ஒட்சிசனின் பகுதியமுக்கம், சாதாரண காற்றைச் சுவாசித்துக்கொண்டு 40 மீற்றர் இறங்கினால் 1.05 பார் ஆகிறது. தூய ஒட்சிசனைச் சுவாசித்தால் வெறும் 10 மீற்றர் ஆழத்திலேயே 2 பார் ஆகிவிடுகிறது.

போல் பேரின் நூல் வெளிவந்த அதே 1878இல் இங்கிலாந்தில் ஹென்றி புளூஸ் என்பவர் தூய ஒட்சிசனை மீளமீளச் சுவாசிக்கும் கருவியை அமைத்தார். 1880இல் அலெக்சாந்தர் லம்பேட் என்ற சுழியோடி அக்கருவியை அணிந்து, வெள்ளம் புகுந்த செவேண் சுரங்கப்பாதைக்குள் இருளில் நடந்து சென்று இரும்புக் கதவொன்றை மூடினார். துணிச்சலுக்குப் புகழ் கிடைத்தது. போல் பேரின் எச்சரிக்கையோ நூலகத்தில் தங்கியது.

அது மீண்டும் வெளியே வந்தது போர்க்காலத்தில்தான். 1939 யூன் முதலாம் திகதி லிவர்பூல் விரிகுடாவில் தெற்றிஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தனர். அடைபட்ட காற்றில் மனிதன் எவ்வாறு இறக்கிறான் என்பதை அறிய ஜே. பி. எஸ். ஹால்டேன் தம்மையும் தம் நண்பர்களையும் இரும்பு அறைக்குள் அடைத்துக்கொண்டார். உயர் அமுக்கத்தில் ஒட்சிசனைச் சுவாசித்து வலிப்புக் கண்டார். அத்தகைய வலிப்பொன்றில் அவருடைய முதுகெலும்பு நொறுங்கியது. பிற்காலத்தில் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்த ஹால்டேன் இவரே.

1941 டிசம்பரில் இத்தாலியச் சுழியோடிகள் மனிதரைச் சுமந்து செல்லும் நீர்மூழ்கு குண்டுகளில் அலெக்சாந்திரியாத் துறைமுகத்துள் நுழைந்து, பிரித்தானியாவின் இரு பெரும் போர்க்கப்பல்களைச் சேதப்படுத்தினர். பிரித்தானியரும் அதுபோன்ற 'சாரியட்' கலங்களை அமைக்கத் தொடங்கினர். குமிழி வெளிவந்து காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதால் அவற்றில் செல்வோர் தூய ஒட்சிசனையே சுவாசித்தனர். பயிற்சியின்போது பலர் நீருக்கடியில் திடீரென வலிப்புக் கண்டனர். தொட்டியின் அடியில் 'ஒட்சிசன் பீற்' என்ற பேய் குடியிருப்பதாக அவர்கள் தமக்குள் பேசிக்கொண்டார்களாம்.

அந்தப் பேயைத் தேடி இறங்கியவர் கடற்படை மருத்துவர் கென்னத் டொனால்ட். 1942 முதல் அவர் நடத்திய சோதனைகளின் முடிவுகள் 1947இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியாயின. ஒருவர் தாங்கும் அளவை மற்றவர் தாங்குவதில்லை. ஒரே மனிதர் திங்கட்கிழமை தாங்கியதைப் புதன்கிழமை தாங்குவதில்லை. உலர்ந்த அறையில் தாங்கும் அளவு நீருக்குள் குறைந்துவிடுகிறது. உழைத்தால் மேலும் குறைகிறது. வலிப்பு முன்னறிவிப்பின்றியும் வரலாம். தூய ஒட்சிசனுடன் 25 அடிக்குக் கீழே இறங்குவது சூதாட்டம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். உடலை நம்ப முடியாது, எண்ணைத்தான் நம்ப வேண்டும் என்ற பாடம் அங்கேதான் பிறந்தது.

இக்கதை எங்கள் கரையையும் தொட்டுச் செல்கிறது. 1944 ஒக்டோபர் மாதத்தில் இரு சாரியட் கலங்களைச் சுமந்துகொண்டு ட்ரெஞ்சன்ட் என்ற நீர்மூழ்கிக் கப்பல் புறப்பட்ட இடம் திருகோணமலை. அவற்றில் சென்றவர்கள் தாய்லாந்தின் புக்கெட் துறைமுகத்துள் தூய ஒட்சிசனைச் சுவாசித்தபடி நுழைந்து இரு கப்பல்களின் அடியில் வெடிகளைப் பொருத்தித் திரும்பினர்.

பவுலிங்கின் கண்ணாடிக் குமிழிகள்

எண்ணை நம்புவதென்றால் எண்ணைத் தரும் கருவி வேண்டும். குழாயும் நீரும் கொண்ட பழைய முறை ஆய்வுகூடத்துக்கு ஏற்றது; ஆடும் கப்பலுக்கு ஏற்றதன்று. 1940 ஒக்டோபர் 3ஆம் திகதி வாஷிங்டனில் நடந்த கூட்டமொன்றில் அமெரிக்க இராணுவத்தினர் விஞ்ஞானிகளிடம் தம் தேவைகளைப் பட்டியலிட்டனர். நீர்மூழ்கிக் கப்பலுக்குள் இருக்கும் ஒட்சிசனை இடைவிடாது காட்டும் கருவி அவற்றுள் ஒன்று. அங்கிருந்த இரசாயனவியலாளர் லைனஸ் பவுலிங்குக்குச் சில நாள்களிலேயே வழி புலப்பட்டது.

பொதுவான வாயுக்களுள் ஒட்சிசன் காந்தத்தால் ஈர்க்கப்படும் இயல்புடையது. நைதரசனும் காபனீரொட்சைட்டும் அவ்வாறு ஈர்க்கப்படுவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மைக்கல் பரடே கண்டறிந்த உண்மை இது. பவுலிங் மிகச் சிறிய இரு கண்ணாடிக் குமிழிகளை ஒரு தண்டின் இரு முனைகளிலும் பொருத்தி, நுண்ணிய படிக இழையொன்றில் காந்தத்தின் முனைகளுக்கிடையே தொங்கவிட்டார். சுற்றியுள்ள வாயுவில் ஒட்சிசன் கூடும்போது அவ்வாயு காந்தப்புலத்தின் வலிய பகுதிக்குள் நெருங்கிவந்து குமிழிகளைத் தள்ளும். தண்டு சற்றே திரும்பும். அதிலுள்ள ஆடியில் பட்டுத் தெறிக்கும் ஒளிக்கற்றை அளவுகோலில் நகரும். தராசுக்கு ஒப்பான எளிய அமைப்பு. ஆனால் அத்தனை சிறிய குமிழிகளை ஊதிச் செய்வது எளிதன்று. அவ்வேலையை ஏற்று இக்கருவிகளை உற்பத்தி செய்தவர் ஆர்னல்ட் பெக்மன்.

போர் முடிந்தபின் இக்கருவி எதிர்பாராத இடமொன்றில் தேவைப்பட்டது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை அடைகாப்புப் பெட்டியில் வைத்துத் தாராளமாக ஒட்சிசன் கொடுப்பது 1940களில் நவீன மருத்துவமாகக் கருதப்பட்டது. அதே காலத்தில் குழந்தைகள் பார்வையிழப்பது பெருகியது. அளவுக்கு மிஞ்சிய ஒட்சிசனே விழித்திரையைக் கெடுக்கிறது என்று 1950களின் நடுப்பகுதியில் உறுதியாவதற்குள் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்துவிட்டதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்லிப்போகிறோம். அமிர்தத்தை அளக்க ஒரு கருவி வேண்டும் என்பதுதான் அங்கே மறக்கப்பட்டது.

இரத்தத்தை அளக்க வந்த கலம்

இன்று சுழியோடிகள் கையாளும் மானியோ பவுலிங்கின் வழியில் வந்ததன்று. அதன் மூதாதையை அமைத்தவர் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் அன்ரியொக் கல்லூரியில் பணியாற்றிய லீலண்ட் கிளார்க். இருதய சத்திரசிகிச்சையின்போது இரத்தத்திலுள்ள ஒட்சிசனை அளப்பதே அவருடைய தேவை. உலோக மின்வாயை நேரே இரத்தத்தில் வைத்தால் புரதங்கள் படிந்து கெட்டுவிடும். ஆகவே மின்வாய்கள் இரண்டையும் மெல்லிய பொலித்தீன் தாளொன்றின் பின்னால் மறைத்து வைத்தார். ஒட்சிசன் தாளின் ஊடாக நுழையும்; இரத்தம் நுழையாது. 1956இல் வெளியான அந்த எளிய யோசனை மருத்துவ உலகை மாற்றியது.

கிளார்க்கின் மின்வாய்க்கு வெளியிலிருந்து மின் கொடுக்க வேண்டும். அதற்கு அடுத்த படியில் வந்தது தானே மின் தரும் கலம். ஈயத்தாலான அனோட்டு, பொன் போன்ற உலோகத்தாலான கதோட்டு, இடையே பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல், முகப்பில் மெல்லிய மென்சவ்வு. உள்ளே நுழையும் ஒட்சிசனுக்கு ஏற்ப ஈயம் ஒட்சியேற்றமடைந்து சிறு மின்னோட்டம் பிறக்கிறது. சுருங்கச் சொன்னால் இது ஒட்சிசனை உண்டு வாழும் ஒரு பற்றரி. நன்றாக உண்டால் கூடுதலாக மின் தரும். குறைவாக உண்டால் குறைவாகத் தரும். ஈயம் தீர்ந்ததும் இறந்துவிடும். ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் அதன் ஆயுள்.

1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வோல்டர் ஸ்டார்க்கும் ஜோன் கன்விஷரும் 'இலெக்றோலங்' என்ற மீள்சுவாசக் கருவியை அமைத்தபோது ஒட்சிசன் உணரி முதன்முறையாகப் பொதுச் சந்தையில் விற்பனையான சுழியோடிக் கருவியொன்றுடன் நீருக்குள் இறங்கியது. ஓர் உணரியை நம்புவது ஆபத்து. ஒன்றுக்கு மேற்பட்டவை ஒன்றையொன்று சரிபார்க்க வேண்டும் என்ற வழக்கம் மீள்சுவாசக் கருவிகளில் இன்றும் நிலைத்திருக்கிறது.

'மாந்திரீக வாயு'

சுழியோடியின் மற்றொரு பகை நைதரசன். ஆழத்தில் அது உடலில் கரைகிறது. விரைந்து மேலே வந்தால் குமிழியாகிறது. நீர்கொழும்பு முதல் மன்னார் வரையிலான கரைகளில், சங்கும் கடலட்டையும் எடுக்கப் போய் இடுப்பின் கீழ் உணர்விழந்த இளைஞர்களைச் செய்தியாளன் என்ற முறையில் நான் சந்தித்திருக்கிறேன். இருபத்தைந்து வயதில் சக்கர நாற்காலியில் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவனிடம் நோயின் மருத்துவப் பெயரைச் சொல்லிப் பயனில்லை. 'காத்து அடிச்சிற்றுது' என்பதே அவர்கள் சொல்லும் விளக்கம்.

நைதரசனைக் குறைத்து ஒட்சிசனைக் கூட்டினால் அந்நோயின் ஆபத்துக் குறையும். அக்கலவையே நைட்ரொக்ஸ். 32 வீத ஒட்சிசன் கலந்த வாயுவுடன் 30 மீற்றர் இறங்குபவனுடைய உடலில், நைதரசனைப் பொறுத்தவரை, சாதாரண காற்றுடன் ஏறத்தாழ 24 மீற்றர் இறங்கியவனுக்குரிய அளவே கரைகிறது. அமெரிக்க சமுத்திர வளிமண்டல நிருவாகத்தைச் சேர்ந்த மோர்கன் வெல்ஸ் இதற்கான முறைகளை வகுத்தார். 1979இல் அந்நிறுவனத்தின் சுழியோடல் கைந்நூலில் அவை இடம்பெற்றன. 1985இல் அங்கிருந்து ஓய்வுபெற்ற டிக் ரட்கொவ்ஸ்கி, பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கும் இதைக் கற்பிக்க ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

எதிர்ப்புக் கடுமையாக எழுந்தது. 'மாந்திரீக வாயு' என்று எள்ளினர். 1991இல் அமெரிக்கச் சுழியோடல் வணிகக் கண்காட்சியில் நைட்ரொக்ஸ் பயிற்றுநர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. 1992இல் பிரித்தானியச் சுழியோடிகள் கழகம் தன் நடவடிக்கைகளில் அதைத் தடைசெய்தது. பின்னர் அதே கழகம் 1995இல் ஏற்றுக்கொண்டது; 1996இல் உலகின் மிகப்பெரிய பயிற்சி அமைப்பான பாடியும் ஏற்றது.

எதிர்த்தவர்களின் அச்சம் முழுவதும் மூடத்தனம் அன்று. காற்று எங்கும் ஒன்றே. கலவை ஒவ்வோர் உருளையிலும் வேறு. 32 வீதம் என்று நம்பி 33 மீற்றர் இறங்கியவனின் உருளையில் உண்மையில் 50 வீதம் இருந்தால், அவன் சுவாசிப்பது 2.15 பார் ஒட்சிசன். பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை 1.4 பார். வலிப்பு வந்தால் வாயிலிருந்து குழாய் நழுவும். நீரில் அதன் பொருள் மரணம். மாறாக அதில் வெறும் காற்றே இருந்தால், நைட்ரொக்ஸ் அட்டவணையை நம்பி நெடுநேரம் தங்கியவனை நைதரசன் தாக்கும். இரு பக்கமும் பள்ளம். நடுவே ஒரு மானி.

இவ்விவாதத்தில் உருவானதே இன்றைய எழுதாச் சட்டம். உருளையை நிரப்பியவர் அளந்தால் போதாது. சுவாசிக்கப்போகிறவர் தம் கையால் அளக்க வேண்டும். அளந்த வீதம், இறங்கக்கூடிய உச்ச ஆழம், திகதி, தம் பெயர் ஆகியவற்றை உருளையில் ஒட்டிப் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும்.

வாங்குவதா, செய்வதா?

ரொறன்ரோவில் வாழும் நண்பர் ஒருவரின் மகன், எந்த மானியை வாங்குவது நல்லது, அல்லது தானே ஒன்றைச் செய்யலாமா என்று எனக்கு எழுதிக் கேட்டிருந்தார். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்ற மயக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. கற்றறிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறேன்.

கடையில் விற்கும் மானிக்கும் வீட்டில் செய்யும் மானிக்கும் உயிர்நாடி ஒன்றே. அது முன்னே சொன்ன கலம். அது காற்றில் வைத்ததும் ஏறத்தாழ 10 மில்லிவோல்ற் தரும். ஒரு மில்லிவோல்ற்றின் பத்திலொரு பங்கைக் காட்டும் இலக்கமுறைப் பன்மானி ஒன்றுடன் அதை இணைத்தாலே மானி ஆயத்தமாகிவிட்டது. 1990களில் ஆர்வலர் பலர் இவ்வாறே செய்துகொண்டனர். உலர்ந்த காற்றில் 10.0 மில்லிவோல்ற் காட்டும் கலம், உருளையின் வாயுவில் 15.3 காட்டினால், 15.3ஐ 20.9ஆல் பெருக்கி 10.0ஆல் வகுக்க வேண்டும். விடை 32 வீதம். ஒரு திருகுதடை சேர்த்தால் திரையே வீதத்தைக் காட்டும்படி செய்துகொள்ளலாம். கலையும் கணக்கும் இவ்வளவே. விலைகொடுத்து வாங்கும் கருவியில் உறுதியான பெட்டியும் வாயுவைச் சீராக விடும் துளையும் கூடக் கிடைக்கின்றன.

கருவியின் பெயரைவிடக் கைப்பழக்கமே முக்கியம். முதலாவது, கலம் உணர்வது வீதத்தை அன்று, பகுதியமுக்கத்தை. கொழும்பில் திருத்திய மானியை நுவரெலியாவுக்குக் கொண்டுசென்றால் அதன் அளவு ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்துவிடும். எனவே ஒவ்வொரு நாளும், ஒவ்வோர் இடத்திலும் புதிதாகத் திருத்த வேண்டும். இரண்டாவது, வாயுவை நிமிடத்துக்கு ஒன்றிரண்டு லீற்றர் அளவில் மெதுவாக விட வேண்டும். வேகமாகப் பாய்ச்சினால் கலத்தின் முகப்பில் அமுக்கம் கூடிப் பொய்யான உயர்வு காட்டும்.

மூன்றாவது, வெப்பநாடுகளில் வாழும் நம்மவர்க்கே உரியது. 30 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் உள்ள நாளில் நம்மைச் சுற்றியுள்ள காற்றில் நீராவி இடம்பிடித்துக்கொள்வதால் ஒட்சிசன் 20.2 வீதம் அளவிலேயே இருக்கும். அதை 20.9 என்று திருத்திவிட்டால் உண்மையில் 32 ஆக உள்ள உலர்ந்த வாயு 33 என்று காட்டும். ஆகவே வெளிக்காற்றில் அன்றி, உருளையில் அடைத்த உலர்ந்த காற்றில் திருத்துவதே முறை.

நான்காவதே உயிர்காக்கும் எச்சரிக்கை. முதுமையடைந்த கலம் காற்றில் சரியாகவே காட்டும். ஒட்சிசன் மிகுந்த கலவையில் குறைத்துக் காட்டும். அதாவது ஆபத்தைக் குறைவாகச் சொல்லும். அதனால் இரண்டாவது புள்ளியிலும் சோதிக்க வேண்டும். காற்றில் 10.0 காட்டும் நல்ல கலம் தூய ஒட்சிசனில் ஏறத்தாழ 47.8 காட்ட வேண்டும். 42இல் நின்றுவிட்டால் அக்கலத்தின் காலம் முடிந்தது என்று கொள்ள வேண்டும். வாங்கிய திகதியைக் கலத்தின் மேல் எழுதி வைப்பது நல்லது. பொதியைத் திறந்த நாள் முதல், கையாண்டாலும் கையாளாவிட்டாலும், அது காற்றை உண்டு முதிர்கிறது. ஒளிர்வு மங்குவதை அளந்து ஒட்சிசனைச் சொல்லும், ஈயமில்லாத புதிய உணரிகளும் அண்மைக்காலத்தில் மீள்சுவாசக் கருவிகளுக்கு வந்துள்ளன. ஆயினும் கைமானிகளில் பழைய கலமே பெரும்பாலும் ஆட்சி செய்கிறது.

எங்கள் கடலில்

மட்டக்களப்புக்கு அப்பால், 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தபோது 307 பேர் இறந்தனர். இன்று அதைக் காண வெளிநாடுகளிலிருந்து சுழியோடிகள் வருகிறார்கள். 50 மீற்றர் ஆழத்தில் சாதாரண காற்றின் ஒட்சிசன் 1.26 பார், 32 வீதக் கலவையில் 1.92 பார், மேலே வரும்போது நைதரசனை வெளியேற்றக் கொண்டுசெல்லும் 50 வீதக் கலவையில் 3 பார். ஒரே மனிதனின் உடலில் தொங்கும் உருளைகளுள் ஒன்று அடித்தளத்தில் உயிர் தருகிறது; மற்றொன்று அதே இடத்தில் உயிரை எடுக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒட்டிய தாளில் எழுதிய எண் ஒன்றே வேறுபாடு.

அங்கே வருவோரிடம் மானி இருக்கிறது. எங்கள் கரைகளில் சங்குக்கும் அட்டைக்கும் ஒரு நாளில் பலமுறை இறங்கி ஏறுபவர்கள் சுவாசிப்பது சாதாரண காற்றைத்தான். நைட்ரொக்ஸைக் கொடுத்துவிட்டால் அவர்களுடைய துயரம் தீர்ந்துவிடும் என்று யோசனை கூறுவோரும் உண்டு. அதை நான் அச்சத்துடனேயே கேட்கிறேன். அளவையும் ஒழுங்கும் இன்றி அவ்வாயு கைக்கு வந்தால், முடமாக்கும் நோய்க்குப் பதில் கொல்லும் வலிப்பையே கொடுத்தவர்களாவோம். மேலும், இயந்திரப் புகையை இழுத்துக்கொள்ளும் காற்றழுத்திகளிலிருந்து உருளைக்குள் புகக்கூடிய காபனோரொட்சைட்டை ஒட்சிசன் மானி காட்டாது. அதற்கு வேறு மானி வேண்டும். ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடக் கற்பிப்பது, மெதுவாக மேலே வரப் பழக்குவது, நிரப்பும் இடத்தில் காற்றைச் சோதிப்பது ஆகியவையே முதற்படிகள். கலவை வாயு அதற்குப் பின்னர் வரட்டும். வரும்போது மானியும் கூடவே வரட்டும்.

உணவகத்தில் குடிக்கும் தண்ணீரைக்கூட எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்கும் வழக்கம் எங்கள் யாழ்ப்பாணத்தவருக்கு உண்டு. ஐம்பது அடிக்குக் கீழே மகனை அனுப்பும் தாய், அவன் முதுகில் இருப்பது என்ன காற்று என்று கேட்கும் உரிமை உடையவள். அதற்கு விடை சொல்லும் கருவியின் விலை, ஒரு நல்ல கைத்தொலைபேசியின் விலையைத் தாண்டுவதில்லை.